சனிக்கிழமை வந்த கூம்பு

1. கிரேனிலிருந்து இறங்கியவர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கிளினிக் கதவைத் திறந்தபோது ஒருவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. விரல்களுக்கிடையில் நான்காக மடித்த ஒரு தாள். அவர் விரிப்பதற்கு முன்பே அது எங்கள் தாள் என்று தெரிந்துவிட்டது. எழுத்து என்னுடையது.

"அய்யா, இது நீங்க எழுதுன சீட்டுதான?"

"ஆமாம்."

"இத வச்சு என்னைய கிரேன்ல இருந்து எறக்கிட்டாவ."

குரலில் கோபம் இல்லை. விலாசம் விசாரிக்க வந்தவரைப் போலக் கேட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் குடியிருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பதினொரு வருஷமாக கிரேன் டிரைவர். ரயில் பெட்டியைச் சக்கரங்களிலிருந்து தனியே தூக்கி, கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோய் இறக்குகிற கிரேன். முப்பது அடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கும் முக்காதம், அதாவது மேஸ்திரி, விரலால் காட்டும் சைகையைப் பார்த்து ஓட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் மெல்ல, இரண்டு விரல் என்றால் நிறுத்து. பெட்டிக்குக் கீழே எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். அதனால் கிரேன் டிரைவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை. சந்தேகமான கேஸ்களை ரயில்வே டாக்டர் பம்பாய் மாட்டுங்காவில் இருந்த எங்கள் கண் கிளினிக்குக்கு அனுப்புவார்.

அதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நான் இவருடைய கண்களை அளந்திருந்தேன். 'இரு கண்களிலும் கருவிழியின் வளைவு சீரற்றது. கூம்புக் கருவிழி என்று கருத இடமுண்டு' என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"இப்போ என்ன வேலை கொடுத்திருக்கா?" என்று கேட்டேன்.

"கீழ நின்னு சங்கிலி மாட்டுதேன். அது கெடக்கட்டும். வார திங்கக்கெழம போர்டு உக்காருதாம். அன்னைக்கு முடிவு பண்ணிட்டாவன்னா பொறவு மேல ஏத்த மாட்டாவளாம். அதுக்குள்ள எனக்குக் கண்ணுல என்னதான் இருக்குன்னு நீங்க சொல்லணும். என் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியுது."

செவ்வாய்க்கு அடுத்த திங்கள். ஆறு நாள் இருந்தது.

2. கரண்டியின் முதுகு

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கருவி தானே எண்களை அச்சடித்துக் கொடுக்கிறது. நாங்கள் என்ன பார்த்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

எவர்சில்வர் கரண்டியின் முதுகுப் பக்கத்தில் உங்கள் முகத்தைப் பாருங்கள். சின்னதாகத் தெரியும். கரண்டி எவ்வளவு குண்டாக வளைந்திருக்கிறதோ அவ்வளவு சின்னதாகத் தெரியும். கண்ணின் கருவிழியும் அப்படி ஒரு குவி ஆடிதான். எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் ஜன்னல் குட்டியாகத் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குட்டி ஜன்னலை அளந்துவிட்டால் கருவிழியின் வளைவு என்ன என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆப்தால்மோமீட்டர் செய்வது இவ்வளவுதான்.

எங்களிடம் இருந்த கருவி இரண்டாம் உலகப் போருக்கு முன்பு டாக்டர் வாங்கியது. மேஜை மேல் ஒரு குழாய். குழாயைச் சுற்றி வில் போல ஒரு இரும்புப் பட்டை. பட்டையின் இரண்டு பக்கமும் உள்ளே விளக்கு எரியும் இரண்டு சிறு பெட்டிகள். ஒன்றில் சிவப்புக் கட்டம், மற்றதில் பச்சைப் படிக்கட்டு. இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து குழாய் வழியே பார்ப்பேன். அந்தப் பக்கம் நோயாளி மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு குழாய்க்குள் பார்ப்பார். அவர் கருவிழியில் சிவப்பும் பச்சையும் பிரதிபலிக்கும். இரண்டும் விளிம்போடு விளிம்பு தொடும்வரை பெட்டிகளை நகர்த்த வேண்டும். தொட்டதும் பட்டையில் இருக்கும் எண்ணைப் படித்து எழுத வேண்டும். பிறகு பட்டையைக் குறுக்காகத் திருப்பி இன்னொரு முறை. பச்சைப் படியில் எத்தனை படி சிவப்புக்குள் நுழைகிறதோ அத்தனை கோணல் அந்தக் கண்ணில்.

நல்ல கண்ணில் கட்டம் கட்டமாகவே தெரியும். சில கண்களில் கருவிழி நடுவில் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் கண்ணில் கட்டத்தின் விளிம்பு நெளியும். படிக்கட்டு சரியும். எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டும் ஒழுங்காகத் தொடாது. கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் வரைந்த தட்டு ஒன்றும் எங்களிடம் உண்டு. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் நல்ல கண்ணில் வட்ட வட்டமாகத் தெரியும். கூம்புக் கண்ணில் வளையங்கள் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். கூம்பு வந்தால் திரும்பிப் போகாது. கண்ணாடி போட்டும் முழுக்கச் சரியாகாது. சீமையிலிருந்து கண்ணுக்குள்ளேயே வைக்கும் கண்ணாடிச் சில்லு வரும் என்று படித்திருந்தோம். போர்க்காலத்தில் சாதாரண லென்ஸே வரவில்லை.

நான் முதலில் ஒரு பத்திரிகையில் இரண்டு வருஷம் புரூப் பார்த்தவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவான் என்று டாக்டர் என்னை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை அன்றும் பார்த்ததைத்தான் எழுதினேன். கட்டம் நெளிந்தது. படி சரிந்தது. வளையங்கள் உடைந்து தெரிந்தன. எழுத்து அட்டையிலும் கீழிரண்டு வரிகளை அவரால் படிக்க முடியவில்லை.

3. செவ்வாய்க்கிழமை

அன்று அவரை உட்காரவைத்து மறுபடி அளந்தேன். வலது கண். சிவப்பு கட்டமாக இருந்தது. பச்சை படியாக இருந்தது. இரண்டும் ஒரே தள்ளலில் தொட்டன. இடது கண்ணும் அப்படியே. வளையத் தட்டைப் பிடித்தேன். காம்பஸ் வைத்துப் போட்டது போல வட்டங்கள். அட்டையைக் கடைசி வரி வரை நிறுத்தாமல் படித்தார்.

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் பழைய தாளை எடுத்துவைத்து டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் பாலக்காட்டுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏண்டா சேஷு, பத்து நாள்ல கூம்பு உள்ள போயிடுமா?"

"போகாது சார்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு பொய். எது?"

"தெரியலை சார். ரெண்டு நாளும் நான்தான் பாத்தேன். ரெண்டையும் பாத்தேன்."

"ரெண்டையும் ரயில்வேக்கு அனுப்பினா, 'பைத்தியம் கண்ணுக்கா கிளினிக்குக்கா'ன்னு கேப்பா."

சுடலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாருக்குன்னு எழுதிருங்களேன் டாக்டரய்யா. நல்லாத்தான் இருக்குன்னு இப்பம் சொன்னாருல்லா."

"எழுதிடலாம்ப்பா. மேல ஏறி உக்காந்துண்டு நீ பெட்டியை யார் தலையிலாவது எறக்கினா?"

சுடலைமுத்து யோசித்தார். "அது சரிதான்" என்றார்.

டாக்டர் முதலில் என்னைச் சந்தேகித்தார். பிறகு வெளிச்சத்தை. சனிக்கிழமை பிற்பகல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வரும். அது கருவிழியில் விழுந்து கட்டத்தைக் கெடுத்திருக்கலாம். எங்கள் வழக்கம் இதுதான்: அளவில் சந்தேகம் வந்தால் அதே நாள், அதே நேரம், அதே நாற்காலி, அதே விளக்கு. சந்தேகப்பட்ட ஒன்றைத் தவிர எதையும் மாற்றக்கூடாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னோம். ஒர்க்‌ஷாப் அன்று அரை நாள். அவருக்கும் சௌகரியம்.

4. சனிக்கிழமை

ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டேன். விமானத் தாக்குதல் பயத்துக்காக வாங்கிய துணி. அது அன்று இதற்கு உதவியது.

மூன்று மணிக்கு வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. உட்கார்ந்தார். "இமைக்காம குழாய்க்குள்ள பாருங்கோ" என்றேன். அதுவும் எங்கள் வழக்கம். இமைத்தால் பிம்பம் ஒரு கணம் மறையும், கை அளவைத் தவறவிடும். ஆகவே வருகிற ஒவ்வொருவரையும் இமைக்காதீர்கள் என்றுதான் சொல்வோம்.

கட்டம் நெளிந்தது. படிகள் சரிந்தன.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். வளையத் தட்டையும் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வருத்தம் இருந்தது.

"வெயில் இல்லை. நீ பாத்தது சரிதான். செவ்வாய்க்கிழமைதான் தப்பு" என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். அந்த நேரம் டெலிபோன் அடித்தது. அவர் போய்விட்டார்.

ஆங்கிலம் புரியாவிட்டாலும் சுடலைமுத்துவுக்கு டாக்டரின் முகம் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் மோவாயை எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் இன்னொரு முறை குழாயில் கண்ணை வைத்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது. வெகுநேரம் இமைக்காமல் இருந்த கண். நீர் கோத்தது. தாங்க முடியாமல் இரண்டு முறை அழுத்தி இமைத்தார்.

"மன்னிச்சிருங்கய்யா, தெரியாம கொட்டிட்டேன்."

நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவப்புக் கட்டத்தின் நெளிவு இடம் மாறியிருந்தது. முன்பு இடது விளிம்பு உடைந்திருந்தது. இப்போது இடது விளிம்பு நேராக இருந்தது, மேல் விளிம்பு உடைந்திருந்தது.

"இன்னொரு தரம் இமைங்கோ."

இமைத்தார். மேல் விளிம்பு சேர்ந்தது. நடுவில் ஒரு அலை போயிற்று. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் சாலையில் தேங்கிய தண்ணீர் மேல் மோட்டார் எண்ணெய் நகர்வது எப்படியோ அப்படி.

கூம்பு என்பது கருவிழியின் சதை. இமைத்தால் அது இடம் மாறாது. இடம் மாறுகிறது என்றால் அது கண்ணில் இல்லை, கண்ணின் மேல் இருக்கிறது. இத்தனை நாள் கருவிழியைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பார்த்தது கருவிழி மேல் இருக்கும் ஈரத்தை. கண்ணாடி போலப் பிரதிபலிப்பது அந்த ஈரம்தான்.

"இன்னிக்குக் கார்த்தாலேருந்து என்ன பண்ணினீங்கோ? ஒண்ணு விடாம சொல்லுங்கோ."

"ஆறு மணிக்கு எந்திச்சேன். வேலைக்குப் போனேன். சங்கிலி மாட்டுனேன். ஒரு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சுது. வீட்டுக்கு வந்தேன். எண்ண தேச்சுக் குளிச்சேன். சாப்ட்டேன். இங்கன வந்தேன்."

"கண்ணுல?"

"கண்ணுல வெளக்கெண்ண ஊத்துவா. சனிக்கெழமைல்லா. நீங்க குளிக்கலியா?"

குளித்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு. டாக்டரும் குளித்திருப்பார், அவர் தலையில் சீயக்காய் வாசனை இருந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த மூன்று தமிழர்கள் ஒரு சிறிய அறைக்குள் இரண்டு வாரமாக ஒரு கூம்பைத் தேடியிருக்கிறோம். சுடலைமுத்துவின் நெற்றி மினுமினுத்ததை நான் பார்த்தேன். கண் சற்றுச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். சனிக்கிழமை எந்தத் தமிழன் நெற்றி மினுமினுக்காது? ஒரு பார்ஸி டாக்டரோ மராட்டிக்காரரோ அங்கே இருந்திருந்தால், முதல் நாளே "முகத்தில் என்ன?" என்று கேட்டிருப்பார்.

போரிக் லோஷன் விட்டு இரண்டு கண்ணையும் கழுவினேன். அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடி கழுவி, மறுபடி பார்த்தேன். கட்டம் கட்டமாக இருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். நம்பவில்லை.

"கழுவினா சரியாச்சுங்கறது ஒரு பாதி. எண்ணெய் விட்டா கெடறதான்னு பாக்கணுமே."

கிளினிக்கிலேயே விளக்கெண்ணெய் இருந்தது. கண்ணில் சுண்ணாம்பு பட்டு வருகிறவர்களுக்கு நாங்களே விடுவோம். என் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, சற்றுப் பொறுத்து, மோவாயைத் தாங்கியில் வைத்தேன். டாக்டர் குழாயில் வெகுநேரம் பார்த்தார்.

"சேஷு, உனக்கும் கூம்பு வந்துடுத்துடா. கல்யாணம் ஆகாத பையன். உங்காத்துல யார் போய்ச் சொல்றது?"

சுடலைமுத்து முதல் தடவையாகச் சிரித்தார்.

5. ஒரு வாக்கியம்

டாக்டர் உடனே போர்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் சொல்ல ஆரம்பித்தார். நான் டைப் அடித்தேன். பரிசோதனைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நோயாளியின் மனைவி அவர் கண்களில் விளக்கெண்ணெய் விட்டிருந்தபடியால் முந்தைய அளவு தவறாக அமைந்தது என்பது முதல் வாக்கியம். டாக்டர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்து எழுந்து மேஜைப் பக்கம் வந்தார். பதினொரு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவருக்கு 'வைஃப்' என்பதும் 'கேஸ்டர் ஆயில்' என்பதும் தெரியும்.

"டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரி அதுல வரக்கூடாது."

"பேரெல்லாம் போடலைப்பா."

"பேரு எதுக்கு, எனக்கு இருக்கதே ஒருத்தி. ஆபீஸ்ல கடுதாசி வாசிக்க கிளார்க்கு எங்க ஊர்க்காரன். அவன் வாசிச்சாம்னா சாயங்காலம் எங்க லைன்ல கொழாயடிக்கு வந்துரும். பேச்சி எண்ணய ஊத்திப் புருசன் பொழப்பக் கெடுத்தாம்பாவ. சாவுத வரைக்கும் சொல்லுவாவ."

"உண்மை அதுதானேப்பா."

"உண்மைதான். யாரு இல்லன்னா? கிரேன் கூண்டு மேல தகரத்துக்கு ஒட்டினாப்ல இருக்கும். சூட்டுல கண்ணு பழுத்துக் கெடக்கும். அதுக்குத்தான் ஊத்துதா. இந்த ரேஷன்ல எண்ணெக்கு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் நிக்கா. அவ தலையில ஒரு சொட்டு வச்சு நான் பாத்து மூணு மாசமாச்சு. எல்லாம் எனக்கு."

"காரணம் எழுதாம அனுப்பினா போர்டு ஒத்துக்காது. நம்ம முதல் சீட்டு அவா ஃபைல்ல இருக்கு."

"ஒத்துக்கலன்னா விடுங்க. சங்கிலி மாட்டுதேன்."

வீம்புக்குச் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பதினொரு வருஷ வேலையை அந்த மேஜை மேல் வைத்துவிட்டுப் போகத் தயாராக இருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

பத்திரிகையில் இருந்த இரண்டு வருஷத்தில் ஒன்று தெரிந்துகொண்டிருந்தேன். யார் செய்தார் என்று சொல்லாமல் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுவது சுலபம். "தவறு நேர்ந்துவிட்டது" என்றால் போதும், தவறு தானாக வந்து நேர்ந்ததாகிவிடும். அந்த மாதிரி ஒரு வாக்கியத்தைத்தான் மனசுக்குள் கோத்துப் பார்த்தேன். போர்டு அதை ஏற்காது. அவர்களுக்கு யாராவது ஒருவர் தேவை. பேச்சியம்மாள் இல்லையென்றால் இன்னொருவர்.

காகிதத்தை மெஷினிலிருந்து உருவிவிட்டுப் புதிதாக ஒன்று செருகினேன். டாக்டர் சொல்லக் காத்திராமல் நானே அடித்தேன்.

'கண்ணின் மேற்பரப்பைக் கழுவாமலும், நோயாளியை விசாரிக்காமலும் முதல் அளவை எடுத்தோம். மேற்பரப்பில் இருந்த படலத்தைக் கருவிழியின் கோளாறு என்று கருதினோம். தவறு எங்களுடையது. கழுவிய பின் எடுத்த அளவு கீழே. இரு கண்களும் குறையற்றவை.'

டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த வருஷம் அவா நமக்குக் கேஸ் அனுப்பமாட்டாடா."

"அளந்தது நான் சார். என் பேரைப் போட்டுடறேன்."

"உன் பேர் இருந்தா போர்டு படிக்காது." பேனாவைத் திறந்தார். "இதுல ஒரு வார்த்தையாவது பொய் இருக்கா பாரு."

"இல்லை சார்."

"அதான் தொந்தரவு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை போர்டு கூடியது. புதன்கிழமை ஒர்க்‌ஷாப் பியூன் ஒரு கவர் கொண்டுவந்தார். சுடலைமுத்து மீண்டும் கிரேனில் ஏற்றப்பட்டார் என்று ஒரு வரி. இனி இந்தக் கிளினிக் கூடுதல் கவனத்துடன் நடந்துகொள்ளும் என எதிர்பார்ப்பதாக இன்னொரு வரி. டாக்டர் அதை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். அடுத்த வருஷம் ரயில்வே கேஸ்கள் குறைந்தன. அடியோடு நிற்கவில்லை.

நான் பதிவேட்டில் கோடு போட்டு ஒரு கலம் சேர்த்தேன். 'இன்று கண்ணில் விட்டது' என்று அதற்குத் தலைப்பு. முதல் மாதத்திலேயே அந்தக் கலத்தில் விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, தேன் எல்லாம் வந்தன. அதற்கு முன்னால் எத்தனை கண்களுக்கு நான் தவறான கண்ணாடி எழுதிக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

6. பேச்சியம்மாள்

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கதவருகே வந்து நின்றார். தாராவியிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். காலெல்லாம் புழுதி.

"கிரேன் ஓட்டுதவுக வீட்டுல இருந்து வாரேன். ரெண்டு சனிக்கெழம இங்கன வந்தாவள்லா."

"சுடலைமுத்து?"

தலையை அசைத்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்லாதியன்னு அவுக சொல்லியிருப்பாவ. நானாச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ரெண்டு சனிக்கெழம குளிச்சிட்டு வந்தாவ. ரெண்டு தடவையும் கண்ணு கெட்டுப் போச்சு. செவ்வாக்கெழம குளிக்காம வந்தாவ. நல்லாருந்துச்சு."

நாங்கள் ஒரு கருவியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அவர் மூன்று கிழமைகளை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.

"இப்பமும் சனிக்கெழம ஊத்துதேன். வேண்டாங்க மாட்டுக்காவ. கண்ண நல்லா விரிச்சுக் காட்டுதாவ. ஊத்துன ஒடனே அவசரமா எந்திச்சுக் கொழாயடிக்குப் போயி, யாரும் பாக்காத மாதிரி தண்ணிய அடிச்சு அடிச்சுக் கழுவுதாவ. பொறவு வந்து, 'குளுகுளுன்னு இருக்கு பேச்சி'ங்காவ. எத்தன வாரத்துக்கு அய்யா ஒரு மனுசன் இப்பிடி நடிப்பாவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது சிரிப்பு போயிருந்தது.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆயிரலியே? என்னால ஒண்ணும் ஆயிரலியே?"

"ஒண்ணும் ஆகலை. கண்ணு சுத்தமா இருக்கு. எண்ணெயால கெட்டது எங்க அளவுதான், அவர் கண்ணு இல்லை."

"சரி. இனிமே ஊத்தலாமா, ஊத்தக்கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தலைக்குத் தேச்சு விடுங்கோ. கண்ணுல வேண்டாம்."

"சரி." படியில் கால் வைத்தவர் திரும்பினார். "நான் இங்கன வந்தது அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்லமாட்டேன்."

அடுத்த வருஷப் பரிசோதனைக்கு சுடலைமுத்து வந்தபோது போர் முடிந்திருந்தது. அன்றும் சனிக்கிழமைதான். பதிவேட்டைத் திறந்து எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்.

"இன்னிக்குக் கண்ணுல ஏதாவது விட்டீங்களா?"

"இல்லய்யா. அவ கண்ணுல ஊத்துததையே நிப்பாட்டிட்டா. வெளக்கெண்ண கெடைக்கலங்கா. நம்ம தெருவுலயே ரெண்டு கடையில இருக்கு. கெடைக்கலங்கா." அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் என் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தணித்தார். "எப்படியோ, எனக்குக் கழுவுத வேல மிச்சம். அந்த விசயம் அவளுக்கு இன்னை வரைக்கும் தெரியாது பாத்துக்கிடுங்க."

"நல்லது" என்றேன்.

கட்டம் நேராக இருந்தது. படிகள் சரியாகத் தொட்டன. அளவை எழுதினேன். கடைசிக் கலத்தில் 'ஒன்றும் விடவில்லை' என்று எழுதிப் பதிவேட்டை மூடினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. அளப்பதற்கு முன் கேளுங்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றுவதை முதலில் கேளுங்கள். கேட்டால் மனிதர்கள் சொல்வார்கள், கண்ணைப் பற்றி மட்டுமல்ல. அதில் தாளில் எழுத வேண்டியதை எழுதுங்கள். மிச்சத்தை, அவர் படியிறங்கிப் போகும்வரை முகத்தில் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.